ஒரு சாண் தட்டு

பளபளாக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் ஓரிரு முறை முயன்று பார்த்தாள். காது இரண்டும் சிவந்து, நாக்குக் குழறி, கடைசியில் அவளே சிரித்து மாட்டிக்கொண்டாள். நமக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று அப்போதே விட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பையும் விட்டாள். படிப்பை விட்டதில் அவளுக்கு வருத்தம் உண்டு. பொய்யை விட்டதில் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுவது அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. சமையற்கட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. அதில் வரிசையாக மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் பச்சைத் தண்ணீர், மூன்றாவதில் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர். ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு. எச்சிலாக உள்ளே வரும், கண்ணாடியாக வெளியே போகும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தவர், காலித் தட்டில் தன் முகம் தெரிவதைப் பார்த்துச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அதைப் பார்த்த அத்தனை பேரும் சேர்ந்து வைத்த பெயர்தான் பளபளா. அவளைவிடச் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரி அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த அட்டைதான் இந்தக் கதை.

ஆறு வருடமாக அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு அதுபாட்டுக்கு அது, நான்பாட்டுக்கு நான் என்று இருந்தாள். ஒருநாள் எச்சில் தட்டுக்குள் கிடந்த முள்கரண்டி விரலைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும் கை. ஒரு மாதமாகியும் காயவில்லை. அரசு மருந்தகத்தில் சர்க்கரைக்காரர்களைப் பார்க்கும் நாளான வியாழக்கிழமை போய் நின்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் இருநூற்று நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

"சோறு எப்படிம்மா சாப்பிடுவீங்க?"

"தட்டுல போட்டுத்தான் சிஸ்டர்."

நர்ஸ் சிரிக்கவில்லை. காலையிலிருந்து எழுபது பேரைப் பார்த்தவள். "அந்தத் தட்டைத்தான் கேக்கறேன். எவ்வளவு பெருசு?"

பளபளாக்கா இரண்டு கையாலும் காட்டினாள். கேண்டீன் தட்டு, ஒரு சாணும் ஆறு விரலும்.

"அதுதான் வினை. பெரிய தட்டைப் பாத்தா கை தானா அள்ளிப் போடும். கண்ணுக்குக் கொஞ்சமாத்தான் தெரியும். சின்னத் தட்டுக்கு மாறுங்க. ஒரு சாண், அதுக்கு மேல போகக் கூடாது." நர்ஸ் தன் விரல்களை விரித்து மேசைமேல் வைத்துக் காட்டினாள். "மலை மாதிரி குவிக்காதீங்க. விளிம்போட நிறுத்திக்குங்க. ஒரு தட்டுக்கு மேல ரெண்டாந்தடவை வாங்காதீங்க. மூணும் ஞாபகம் இருக்குமா?"

"ஒரு சாண். விளிம்போட நிறுத்தணும். ரெண்டாந்தடவை இல்ல," என்று ஒப்பித்தாள் பளபளாக்கா. பள்ளிக்கூடத்திலும் அவள் ஒப்பிப்பதில் கெட்டிக்காரி.

கேண்டீன் சாமான் அறையில் பழைய செட்டில் மிஞ்சிய தட்டு ஒன்று கிடந்தது. எடுத்து விரலை விரித்து வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் ஒரு விளிம்பில், சுண்டுவிரல் எதிர் விளிம்பில். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆண்டவனே நமக்கென்று எடுத்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று மனசு குளிர்ந்து போயிற்று. சமையல் மாஸ்டரிடம் கேட்டு வாங்கி, துணிப்பையில் போட்டுக்கொண்டாள். பகல் சாப்பாடு கேண்டீனில், ராத்திரிச் சாப்பாடு வீட்டில், இரண்டுக்கும் அதே தட்டு. பையோடு போகும், பையோடு வரும்.

மாஸ்டர் நல்ல மனுஷர். சமையல்காரர்களுக்கே உரிய ஒரு கோளாறு மட்டும் அவருக்கு உண்டு. யாராவது குறைவாகச் சாப்பிட்டால் தன்னைத் திட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

"என்னக்கா, என் கைச் சோறு இறங்கலையா?"

"நல்லாவே இறங்குது மாஸ்டர். இறங்கின இடத்துலேருந்து சர்க்கரையா ஏறுது. அதான் தொல்லை."

"உழைக்கிற உடம்புக்கா இது. இந்தக் கிண்ணியில சாப்பிட்டா மூணாவது தொட்டிகிட்ட மயங்கி விழுந்துடுவீங்க."

"விழுந்தா நாலாவது தொட்டியில கழுவி எடுங்க. விளிம்போட நிறுத்துங்க. அதுக்கு மேல ஒரு பருக்கை வந்தாலும் திருப்பிக் கொட்டிடுவேன்."

கேலி செய்யவும் ஆட்கள் இருந்தார்கள். லோடு ஏற்றும் பகுதியில் ஓர் ஆள், வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம். அவளுடைய தட்டைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுப் பாப்பாவோட தட்டுக்கா இது, அழப்போவுது, குடுத்துட்டு வாங்க" என்றான்.

"என்னோடதுதான் தம்பி. எனக்கு ரெண்டு வயசு. பல்லு முளைச்சாச்சு, பக்கத்துல வந்தா கடிப்பேன்."

சாப்பிடும் கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து தட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பளபளாக்கா கண்ணை மூடி, சோறு தந்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, விளிம்புவரை இருந்ததைச் சாப்பிட்டு, எழுந்து கை கழுவினாள். மாஸ்டர் கரண்டியோடு பின்னால் வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது நாளில் ஒரு நாள்கூட இரண்டாந்தடவை வாங்கவில்லை. பிஸ்கட்டைத் தொடவில்லை. பிறந்தநாள் என்று ஆபீஸிலிருந்து வந்த கேக் துண்டை அப்படியே மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

அடுத்த மாதம் வியாழக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி.

இருநூற்று எழுபத்தொன்று.

"என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றாள் நர்ஸ்.

"நீங்க சொன்னபடிதான் சிஸ்டர். ஒரு சாண். விளிம்போட."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." நர்ஸ் அட்டையை இழுத்து ஒரு வரி எழுதினாள். உள்ளே டாக்டர் அதைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமும் இறங்காவிட்டால் ஊசிதான் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து வாசல் சுவரோரம் நின்று அட்டையைப் பிரித்தாள். அவளுக்கு எழுத்து வரும், அவசரமாக வராது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். அதுவேதான் இருந்தது. கீழே நர்ஸின் கையெழுத்து, பக்கத்தில் மருந்தகத்தின் முத்திரை. ஊசி என்றதற்குக் கலங்காத கண், அந்த நாலு அங்குல வரிக்குக் கலங்கியது.

வீட்டில் மகள் காத்திருந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், அட்டை படிக்க அவளுக்கு அரை நொடி போதும்.

"அம்மா, என்னம்மா இது?"

"நான் ஒண்ணும் தின்னல."

"அப்போ இருநூத்து எழுபத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு? காத்துல வந்துச்சா? தினமும் கடையில பாக்கறேன். மாத்திரை வாங்கற கையில மிட்டாய். கேட்டா நான் இல்லைம்பாங்க."

"நான் கடைக்கு வர்ற ஆள் இல்ல. உன் அம்மா."

"அதனாலதான் பயமா இருக்கு."

மறுநாள் சர்க்கரை டப்பாவும் பிஸ்கட் டப்பாவும் அலமாரிக்குள் போய், அலமாரியில் ஒரு பூட்டுத் தொங்கியது. அவளுடைய புருஷன் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். முப்பது வருடத் தொழில். பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்க எனக்கு ஒரு ஹேர்பின்னும் ஒரு கொட்டாவியும் போதும்" என்றார்.

"அப்பா, நீங்கதான் திறந்து குடுக்கறீங்களா?" என்று மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்று அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய முகமும் சுண்டிப்போயிற்று. "ஏய், நான் உன்ன நம்பறேன்," என்றார் மெதுவாக.

"நீங்க நம்பி என்னங்க. அட்டையில எழுதியாச்சு. முத்திரை குத்தியாச்சு. நான் செத்தாலும் அந்த வரி இருக்கும்."

அன்றைக்குப் படுக்குமுன் அவள் ஜெபம் செய்யவில்லை. சண்டை போட்டாள். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஒவ்வொரு வேளையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே சாப்பிட்டேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். ஆண்டவனிடம் சண்டை போடுகிறவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்தது. முந்நூறு தட்டும் கழுவி அடுக்கியாயிற்று. பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டே தட்டுகள் பாக்கி. ஒன்று கேண்டீன் தட்டு, மற்றது அவளுடையது. மனசு எங்கேயோ இருக்க, கை வேலை செய்தது. தன் தட்டைத் தொட்டியில் முக்கி எடுத்தாள். நிறையத் தண்ணீரோடு வந்தது. தொட்டித் திட்டில் எடுத்து வைத்த கேண்டீன் தட்டின் சோப்பு நுரை போகட்டும் என்று அந்தத் தண்ணீரை அதில் சாய்த்தாள்.

பெரிய தட்டு நிறைந்தது. நிறைந்து, விளிம்பு தாண்டி வழிந்து, அவளுடைய இரண்டு பாதங்களையும் நனைத்தது. கையிலிருந்த சின்னத் தட்டில் இன்னும் தண்ணீர் இருந்தது.

அப்படியே நின்றாள். பிறகு பெரிய தட்டைக் கவிழ்த்துக் காலி செய்தாள். சின்னத் தட்டை மறுபடி முக்கினாள். மறுபடி சாய்த்தாள். மறுபடி கால் நனைந்தது.

தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு மாதமாக மேலேயிருந்தே பார்த்த தட்டு. மேலேயிருந்து பார்த்தால் ஒரு சாண். பக்கத்திலிருந்து பார்த்தால் குழி. நாலு விரலை உள்ளே மடக்கி வைக்கிற ஆழம். கேண்டீன் தட்டோ தட்டை, விளிம்பு ஒரு விரல் உயரம்கூட இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் தட்டைக் கழுவியிருப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர், இங்க வாங்க."

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. முன்னாடி பெரிய தட்டுல எனக்கு எத்தனை கரண்டி போடுவீங்க?"

"ரெண்டு. அந்தச் சோத்துக் கரண்டியால ரெண்டு."

"இந்தத் தட்டுல?"

மாஸ்டர் யோசித்தார். கையைக் காற்றில் இரண்டு முறை ஆட்டி, மூன்றாவது முறை ஆட்டி, நின்றார். "மூணு. மூணுக்கு மேல கொஞ்சம். நீங்க விளிம்பு விளிம்புன்னு சொன்னீங்க. விளிம்பு வர்ற வரைக்கும் போட்டேன். குழிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்?"

"மூணு போடறோமேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு." மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "பாவம், சின்னத் தட்டுல சாப்பிடறாங்க, வயிறாவது நிறையட்டும்னு நினைச்சேன்."

பளபளாக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தியது சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் மகளும் அதே தட்டில் விளிம்புவரைதான் பரிமாறினாள். ஊரே சேர்ந்து ஒரு மாதமாக அவளுக்கு ஒன்றரை வயிற்றுச் சோறு போட்டிருக்கிறது, அவளும் பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொல்லிச் சாப்பிட்டிருக்கிறாள்.

சிரித்து முடித்ததும் இரண்டு தட்டையும் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"மருந்தகத்துக்கு."

"இன்னைக்குச் சனிக்கிழமை. உங்க நாள் வியாழக்கிழமை."

"பொய்க்காரின்னு எழுதறதுக்கு நாள் பாத்தாங்களா?"

வாசலில் காவல்காரர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே கேண்டீன் தட்டு இருந்தது. "இதை எங்கம்மா எடுத்துட்டுப் போறே?"

"சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போறேன். மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை பத்திரமா கொண்டுவந்து விடறேன்."

சனிக்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். மருந்தகம் முழுக்கத் தாய்மாரும் அழுகையும். பளபளாக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உன் முறை இன்றைக்கு இல்லையம்மா என்று சீட்டுக் கொடுக்கிறவர் இரண்டு முறை வந்து சொன்னார். "தெரியுங்க, நான் ரத்தம் குடுக்க வரல," என்று இரண்டு முறையும் சொன்னாள். கடைசிக் குழந்தையும் அழுது முடித்துப் போன பிறகு எழுந்து போய் நர்ஸின் மேசைமேல் இரண்டு தட்டையும் வைத்தாள்.

"சிஸ்டர், ஒரு சாண்தானே சொன்னீங்க? அளந்து பாருங்க."

நர்ஸுக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. சலிப்போடு விரலை விரித்துச் சின்னத் தட்டின்மேல் வைத்தாள். "சரிதான். ஒரு சாண். இப்ப என்ன?"

பளபளாக்கா குடிதண்ணீர்க் குழாயில் சின்னத் தட்டு நிறைய விளிம்புவரை தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தாள். அந்த நடை அவளுக்குக் கைவந்த கலை. வந்து, பெரிய தட்டில் ஊற்றினாள். தட்டு நிறைந்தது. அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் மேசையில் ஓடியது. நர்ஸ் காகிதங்களை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"இன்னும் இருக்கு பாருங்க," என்று சின்னத் தட்டைச் சாய்த்துக் காட்டினாள். "அகலம் சொன்னீங்க. ஆழம் சொல்லல. விளிம்புவரைக்கும்னு சொன்னீங்க, விளிம்புவரைக்கும் சாப்பிட்டேன். பழைய தட்டுல ரெண்டு கரண்டி. இதுல மூணு. ஒரு பருக்கை கூட நான் திருட்டுத்தனமா தின்னல."

நர்ஸ் நனைந்த மேசையைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். முகத்திலிருந்த சலிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "எனக்கு இது தோணவே இல்லைம்மா. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன்." பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு, "தட்டையான தட்டா மாத்திக்குங்க. பாதி காய், கால் பங்கு பருப்பு, கால் பங்குதான் சோறு. சரியாயிடும்" என்றாள்.

"மாத்திக்கறேன். பேனாவை எடுங்க." பையிலிருந்த அட்டையை எடுத்து மேசையின் நனையாத ஓரத்தில் வைத்தாள்.

"எதுக்கு?"

"நீங்க எழுதின வரிக்கு."

நர்ஸ் தயங்கினாள். "எழுதினதை அடிக்கக் கூடாதும்மா. மேல இருக்கறவங்க கேப்பாங்க. எண்ணும் பொய் இல்லையே. இருநூத்து எழுபத்தொண்ணு உங்க ரத்தம்தானே?"

"என் ரத்தம்தான். அது சொன்னது நிஜம். என் வாய் சொன்னதும் நிஜம். நீங்க ஒண்ணை மட்டும் எழுதிட்டீங்க. அடிக்க வேணாம் சிஸ்டர், கீழ இடம் இருக்கு. இன்னொண்ணையும் எழுதுங்க."

"வியாழக்கிழமை வாங்க, டாக்டர்கிட்டக் கேட்டுட்டு..."

"டாக்டர் ஊசி போடறதுன்னா போடட்டும். கை நீட்டறேன். பொய்க்காரின்னு சொல்லிப் போடக் கூடாது." குரல் உயரவில்லை. அவள் குரல் எப்போதும் உயராது. மேசை ஓரத்தைப் பிடித்த கையை மட்டும், தண்ணீரில் ஊறி வெளுத்த அந்தக் கையை, எடுக்கவில்லை. "நான் படிக்காதவ. எனக்குன்னு ஒரு பேர் இருக்குன்னா அது இந்த அட்டையில மட்டுந்தான் இருக்கு. அதுக்குக் கீழதான் நீங்க எழுதிட்டீங்க."

வெளியே விளக்குமாற்றால் பெருக்குகிறவர் கதவுவரை பெருக்கிவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். பேனா மூடியைக் கழற்றி எழுதினாள். எழுதி, அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

பளபளாக்கா குனிந்து கூட்டினாள். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. சொன்னபடி சாப்பிட்டார். தட்டு ஆழம். நான் அகலம் மட்டும் சொன்னேன். கீழே கையெழுத்து.

"முத்திரை?" என்றாள் பளபளாக்கா.

நர்ஸ் முதன்முறையாகச் சிரித்தாள். முத்திரையும் விழுந்தது.

வீட்டில் அந்த அட்டையை மகள் கையில் அவள் கொடுக்கவில்லை. தானே படித்துக் காட்டினாள், எழுத்தெழுத்தாக, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு. மகள் நடுவில் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். முடிந்ததும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும்தானே விளிம்புவரைக்கும் போட்டேன்," என்றாள்.

"போட்டது தப்பில்ல. கேக்காம முடிவு பண்ணினதுதான் தப்பு."

"இனிமே கேக்கறேன்மா."

"எனக்கும் ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கு," என்றார் பூட்டுக்காரர். "நான் கொட்டாவி மட்டுந்தான் விட்டேன், ஹேர்பினை எடுக்கவே இல்ல."

அடுத்த நாலு வாரம் தட்டையான தட்டு, பாதி காய். மாஸ்டர் அளந்து அளந்து போட்டார், போடும்போது பெருமூச்சும் விட்டார். முதல் வாரம் பசித்தது. நிஜமான பசி, அதற்கு முந்தின மாதம் அவள் பசி என்று நினைத்துக்கொண்டிருந்தது போல இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டைத் தேய்த்தாள். விரல் காயம் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை. இருநூற்றுப் பதினான்கு. இறங்கியிருந்தது, இறங்க வேண்டிய அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், அட்டையை இழுத்தாள், பழக்க தோஷத்தில் பேனா காகிதத்தைத் தொடப் போயிற்று.

பளபளாக்கா உள்ளங்கையை அட்டைமேல் வைத்து மூடினாள்.

"முதல்ல கேளுங்க சிஸ்டர். அப்புறம் எழுதுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. என்ன சாப்பிட்டீங்க?"

பளபளாக்கா ஸ்டூலை முன்னுக்கு இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். "முதல் வாரத்துலேருந்து சொல்றேன்," என்றாள். "திங்கக்கிழமை காலையில ரெண்டு ரொட்டி."